உயிரோடிருந்தவளுக்கு ஒரு கல்வெட்டு

எங்கள் ஆட்களின் செத்த வீடுகளில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சாப்பிட்டு எழும்புகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். வழவழப்பான தாளில், அட்டையில் இறந்தவரின் படத்தோடு இருக்கும். பிள்ளையார் துதியில் தொடங்கி, பதிகங்கள், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி என்று போய், அதன் பிறகுதான் மனைவி புலம்பல், கணவன் புலம்பல், பிள்ளைகள் புலம்பல் எல்லாம் வரும். கடைசியில் நன்றி நவிலல். இந்த ஒழுங்கை எவரும் மாற்றுவதில்லை. மாற்றலாம் என்று எவருக்கும் தோன்றுவதும் இல்லை.

கொழும்பில், வெள்ளவத்தையில் அச்சான கல்வெட்டுகளில் எத்தனையோ எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிழை திருத்தப்பட்டவை. என் மனைவி பள்ளிக்கூடத்தில் தமிழும் சைவசமயமும் படிப்பித்தவள். அழுது வீங்கிய முகத்தோடு ஆட்கள் வருவார்கள். “டீச்சர், நாள் இல்லை, ஒருக்காப் பார்த்துத் தாங்கோ” என்பார்கள். இவள் அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுச் சிவப்புப் பேனையை எடுப்பாள். பதிகத்தைச் சந்தி பிரிக்கத் தெரியாமல் பிரித்து வைத்திருந்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆட்கள் போனபிறகு அந்தக் கோபத்தை நான்தான் கேட்க வேண்டும்.

கணவன் புலம்பல் பக்கம் வந்தால் மட்டும் சிரிப்பாள். எல்லாக் கல்வெட்டிலும் மனைவி ஒளிவிளக்காக இருப்பாள், அணைந்துபோவாள். கணவன் சிறகொடிந்த பறவையாக இருப்பான். “இவ்வளவு புருஷன்மாருக்கும் ஒரே ஆள்தான் அழுது குடுக்கிறான் போல” என்பாள். அது உண்மைதான். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒருவர் இருந்தார். இறந்தவரின் பெயரும் ஊரும் சொன்னால் பாட்டாகக் கட்டித் தந்துவிடுவார்.

அவளுக்கு வந்த நோய் எலும்புக்குள் இறங்கிய பிறகு, ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதில் பயனில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொன்னார்கள். கையில் புத்தகம் பிடிக்க முடியவில்லை. பார்வையும் மங்கிவிட்டது. கனடாவில் இருக்கும் மகன் முன்னொருமுறை வந்தபோது கொடுத்துவிட்டுப் போன டப், புத்தகம் வாசிக்கிற தொடுதிரைப் பலகை, ஒன்று இருந்தது. அதைக் கட்டிலில் ஒரு தாங்கியில் சாய்த்துவைத்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தை இயன்றமட்டும் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரு விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாள். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் வரும். அதைப் பற்றி அவள் குறைப்படவில்லை. சாப்பாடு இறங்காத நாளிலும் வாசிப்பு இறங்கியது.

அந்த டப் ஒருநாள் கட்டிலில் இருந்து கீழே விழுந்தது. கண்ணாடி உடையவில்லை என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் அதற்குப் பிறகு வைஃபை பிடிக்கவில்லை. அதுவரை புத்தகங்கள் காற்றிலே வந்துகொண்டிருந்தன. இனி லப்டொப்பில் இருந்து வயர் போட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்றானது. ஏற்கெனவே இருந்த புத்தகங்களை அவள் இரண்டாம் முறை வாசித்துக்கொண்டிருந்ததால் நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

ஒரு காலை, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“எனக்கும் ஒண்டு அடிப்பியள்தானே?”

“என்ன?”

“கல்வெட்டு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “உமக்கு வேற கதை இல்லையே?” என்றேன்.

“அடிக்கத்தான் போறியள். பிழை விட்டுத்தான் அடிக்கப் போறியள். நான் இருக்கேக்கயே ஒருக்காப் பார்த்துத் தந்தால் என்ன?”

நான் தலையணையைத் தட்டிக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: “கணவன் புலம்பலை அந்தக் கொட்டாஞ்சேனை மனுசனிட்டக் குடுக்காதேங்கோ. நீங்களே எழுதுங்கோ. பாட்டு வேண்டாம், வசனமா எழுதுங்கோ. நான் போனாப் பிறகு எழுதி ஆருக்கு? எனக்கெண்டு எழுதினால் நான் வாசிக்க வேணும்.”

தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன். கேத்தல் கொதித்து அடங்கிய பிறகும் அங்கேயே நின்றேன்.

நான் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவன். கொச்சிக்கடைப் பக்கத்துக் களஞ்சிய அறைகளில் சாமான் தேங்கிக் கிடப்பதைப் பற்றிக் கடிதம் எழுதி எழுதியே வயது போனவன். மேற்படி விடயம் தொடர்பாக என்று தொடங்காமல் எனக்கு ஒரு வசனமும் வராது. கலியாணம் செய்த புதிதில், அவள் மட்டக்களப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு கடிதம் எழுதினேன். அவள் அதை அன்போடு, சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினாள். அதோடு கடிதம் எழுதுவதை விட்டுவிட்டேன். பிறகு சேர்ந்தே இருந்தோம், எழுதவும் தேவையிருக்கவில்லை. அன்பு என்ற சொல்லை வாயால் சொல்கிற பழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. சாப்பிட்டாச்சா, மருந்து குடிச்சாச்சா என்று கேட்பதிலேயே எல்லாம் அடங்கிவிடும்.

எழுதினேன். அவள் நித்திரையாக இருக்கும் நேரமெல்லாம் எழுதினேன். ஒளிவிளக்கு, பறவை எதுவும் இல்லை. பஸ்ஸில் இடம் பிடிக்க அவள் கைப்பையை ஜன்னலால் எறிவது, கோபம் வந்தால் சுத்தத் தமிழில் பேசத் தொடங்குவது, மகன் விமானம் ஏறிய அன்று வீட்டுக்கு வந்து அவன் சட்டையைத் துவைக்காமல் மடித்து வைத்தது, இப்படித்தான் எழுதினேன். கடைசியில், உம்மைக் காணாத வீட்டில் எனக்கு என்ன வேலை என்று எழுதிவிட்டு, அதை அழித்து, மறுபடி எழுதினேன். முறைப்படி பிள்ளையார் துதி, பதிகங்கள், வரலாறு எல்லாம் முன்னால் வைத்து, என்னுடையதைப் பின்னால் வைத்தேன். கல்வெட்டு என்றால் அப்படித்தான்.

காலி வீதியில் ஒரு கடைக்குப் போய்ப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை. உயிரோடு இருக்கிற ஆளுக்குக் கல்வெட்டா என்று கடைக்காரன் கேட்பான், பின்னேரத்துக்குள் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும், பிறகு ஆட்கள் பழத்தோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்று அழுவார்கள். மகனுக்கும் தெரியக் கூடாது என்றாள். அவன் தாங்க மாட்டான். ஆகவே இருந்த ஒரே வழி லப்டொப், ஒரு வயர், டப்.

அந்த லப்டொப்பில் இருப்பது லினக்ஸ். பழைய இயந்திரம் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று மகன்தான் அதைப் போட்டுவிட்டான். “இனி வைரஸும் இல்லை, ஒண்டும் இல்லையப்பா” என்றான். புத்தகங்களை அடுக்கிவைத்து, வேண்டிய வடிவத்துக்கு மாற்றி, டப்புக்கு அனுப்புகிற மென்பொருள் ஒன்றையும் அவனே போட்டுத் தந்திருந்தான். கல்வெட்டை அந்த மென்பொருளில் மின்னூலாக்கினேன். அட்டைக்கு அவள் படத்தையும் வைத்தேன். வயரைச் செருகினேன். டப்பில் டிங் என்று சத்தம் கேட்டது, சார்ஜ் ஏறத் தொடங்கியது. மென்பொருளோ அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே இல்லை என்பதுபோல இருந்தது.

கழற்றிச் செருகினேன். லப்டொப்பை அணைத்துப் போட்டேன். வயரைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். அறைக்குள் இருந்து குரல் வந்தது.

“எழுதி முடிஞ்சுதே?”

“முடிஞ்சுது. இந்தச் சனியன் ஏற விடுதில்லை.”

“ஏசாதேங்கோ, அது பயந்து போகும்.”

அடுத்தநாள் பக்கத்து வீட்டுக்காரியைக் காவலுக்கு வைத்துவிட்டு, போன் திருத்துகிற கடைக்குப் போனேன். மாளிகாவத்தையில் இருந்து வந்து கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர். வயரைக் கையில் எடுத்து ஒரு தரம் மடக்கிப் பார்த்தார்.

“இதுல சார்ஜ் மட்டும்தான் போகும் சேர். டேட்டா போற வயர் வேற ஈக்கி, அதை எடுத்துட்டுப் போங்க. எல்லாம் சரியாப் பெய்த்திடும்.”

புது வயரோடு பாதி சரியானது. இப்போது டப்பைச் செருகியதும் லப்டொப்பில் ஒரு ஜன்னல் தானாகத் திறந்து டப்பின் பெயரைக் காட்டியது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான், டப்பின் திரை பூட்டியிருந்தால் அது எதையும் காட்டாது என்பதும், திரையைத் திறந்து மேலிருந்து இழுத்து, சார்ஜ் என்பதை மாற்றிக் கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தொட வேண்டும் என்பதும் விளங்கியது. ஒவ்வொரு முறை செருகும்போதும் தொட வேண்டும். டப் அதை ஞாபகம் வைத்திருக்காது.

தொட்டேன். உள்ளே இருந்தவை தெரிந்தன. மென்பொருளைத் திறந்தால், சாதனத்தைத் திறக்க முடியவில்லை, வேறொரு நிரல் அதைப் பயன்படுத்துகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. வேறு எந்த நிரலும் நான் திறந்திருக்கவில்லை. பொய் சொல்கிறது என்று நினைத்தேன். மென்பொருளை விட்டுவிட்டு, கோப்பைக் கையாலேயே இழுத்து அந்த ஜன்னலுக்குள் போட்டேன். பச்சைக் கோடு பாதிவரை வந்து நின்றது. நின்றது நின்றதுதான். பொறுமை கெட்டு வயரை உருவிவிட்டு, டப்பைக் கொண்டுபோய் அவள் முன் வைத்தேன். புத்தகத்தின் தலைப்பாக அவளுடைய முழுப்பெயர் தெரிந்தது. தொட்டாள். கறுப்புத் திரை. தள்ளினாள். இன்னொரு கறுப்புத் திரை.

“என்ர வரலாறு இவ்வளவுதானே?” என்றாள். சிரிக்க முயன்றாள், இருமல் வந்தது. நான் டப்பைப் பறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று மகன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். குரலிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

“என்னப்பா, அம்மாக்கு வருத்தம் கூடிட்டுதே?”

“இல்லை. டப்புக்குப் புத்தகம் ஏறுதில்லை.”

“அதுக்கே? நான் இங்கயிருந்து லப்டொப்புக்குள்ள வந்து பார்க்கிறன். திறந்து விடுங்கோ.”

“வேண்டாம்.”

“ஏன் அப்பா கத்திறியள்?”

லப்டொப்பின் திரையில் அவன் தாயின் பெயரும் படமும் போட்ட கல்வெட்டு திறந்து கிடந்தது. எனக்குப் பழக வேணும், நானே செய்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அவன் இலேசாகக் கோபித்துக்கொண்டான்.

பிறகு, லினக்ஸ்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரு இணையத்தளத்தில் என் துறைமுக ஆங்கிலத்தில் முறைப்பாடு ஒன்று எழுதினேன். என்ன வயர், என்ன செய்தி, எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒன்றும் விடாமல் எழுதினேன். அவசரம் என்றும் எழுதினேன். ஏன் அவசரம் என்று எழுதவில்லை. பதில் வருவதற்கு நாட்கள் எடுத்தன. இதற்கிடையில் டாக்டர் வந்து, வலிக்குக் கொடுக்கும் மருந்தைக் கூட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவள் காலையில் கொஞ்ச நேரம்தான் தெளிவாக இருந்தாள். மற்ற நேரமெல்லாம் அரைக்கண் மூடிக் கிடந்தாள்.

பதில் சுருக்கமாக இருந்தது. டப்பைச் செருகியதும் தானாகத் திறக்கிறதே ஒரு ஜன்னல், அதுதான் அந்த வேறொரு நிரல். அது முதலில் டப்பைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்கலாம். ஜன்னலை மூடினால் போதாது. பக்கத்தில் இருக்கும் வெளியேற்று அடையாளத்தை அழுத்தி அதன் பிடியை விடுவித்துவிட்டு, பிறகு புத்தக மென்பொருளைத் திறவுங்கள். அவ்வளவுதான்.

அழுத்தினேன். மென்பொருள் திறந்த மாத்திரத்தில் மேலே டப்பின் படம் வந்தது. அனுப்பு என்றேன், போய்விட்டது. கண்ணை மூடித் திறக்கிற நேரம். இதற்காகவா இத்தனை நாள் போனது?

அடுத்தநாள் காலை அவள் தெளிவாக இருந்தபோது திறந்து கொடுத்தேன். பிள்ளையார் துதி வெள்ளை எழுத்தில் வந்தது. உதடு அசைய வாசித்தாள். எழுத்து அவ்வளவு பெரிது என்பதால் ஒரு பாட்டே பல பக்கங்களுக்குப் போனது. ஒரு இடத்தில் விரலை நிறுத்தி, அழுத்திப் பிடித்து, மஞ்சள் கோடு போட்டாள்.

“இஞ்ச பிழை. பிரிச்ச இடம் பிழை.”

“பிறகு திருத்துவம். நீர் பின்னுக்குப் போம். கடைசிப் பக்கங்களைப் பாரும்.”

“பிள்ளையாரை விட்டுட்டு ஓடுறதே? ஒழுங்கா வாறன்.”

“நான் வேணுமெண்டால் வாசிச்சுக் காட்டட்டே?” என்று கேட்டேன். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

“வேண்டாம். காதால கேட்டால் பிழை பிடிபடாது. நான் கண்ணால பார்க்க வேணும்.” பிறகு, “நீங்கள் வாசிச்சால் அழுவியள். எனக்கு ஒண்டும் விளங்காது” என்றாள்.

எனக்கு அப்போது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அவளே வாசிக்கட்டும், நான் பக்கத்து அறையில் இருந்து கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு காலையும் ஒரு பதிகம், இல்லாவிட்டால் பாதிப் பதிகம் நகர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கொப்பி பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். எனக்கு உள்ளுக்குள் தவிப்பு. இந்தப் பதிகங்களை நீர் ஆயிரம் தரம் பாடியிருக்கிறீர், என்னுடையதை ஒரு தரம் பார்க்கக் கூடாதா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவள் சாமியோடு நான் போட்டிக்கு நிற்பதா? பின்னேரங்களில், அவள் கண் மூடிக் கிடக்கும்போது, டப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் திறந்து வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவள் கண்டுபிடித்துவிடுவாள், பிறகு பேச்சு வாங்க வேண்டும்.

“நாளைக்குப் பதிகம் முடிஞ்சிடும்” என்றாள் ஒருநாள். “பிறகு வரலாறு. அதைக் கெதியாப் பார்த்திடுவன், அது எனக்குத் தெரிஞ்ச கதைதானே. அதுக்குப் பிறகு உங்கட.”

அடுத்தநாள் அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது. மகன் விமானம் ஏறினான். அவன் வந்து சேருவதற்கு முன் அந்த மூச்சும் நின்றுவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு, கல்வெட்டு அடிக்க வேண்டுமே என்று டப்பை எடுத்து லப்டொப்பில் செருகினேன். திரையைத் திறந்து, இழுத்து, தொட்டு, வெளியேற்றி, மென்பொருளைத் திறந்தேன். ஒரு முறைப்பும் இல்லாமல் உடனே இணைந்தது. அவள் போட்ட மஞ்சள் கோடுகள் ஒவ்வொன்றையும் பார்த்துத் திருத்தினேன். எல்லாம் சரியான திருத்தங்கள். பிறகு புத்தகத்தை டப்பிலேயே திறந்தேன். அவள் கடைசியாக நிறுத்திய பக்கத்தில் அது திறந்தது. கடைசிப் பதிகத்தின் கடைசிப் பாட்டு. அதற்கு அங்கால் ஒரு கோடும் இல்லை, ஒரு அடையாளமும் இல்லை.

வயரோடு மல்லுக்கட்டிய நாட்களை எண்ணிப் பார்க்காமல் இருக்க முயல்கிறேன். அந்த நாட்களில் அவள் மத்தியானம் வரைக்கும் முழித்திருந்தாள். ஒரு ஜன்னலின் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அடையாளத்தை அழுத்தியிருந்தால் அவள் எல்லாவற்றையும் வாசித்து முடித்து, என் வசனத்தில் நாலு பிழையும் பிடித்துத் தந்திருப்பாள்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் கல்வெட்டு கொடுத்தோம். பிள்ளையார் துதி, பதிகங்கள், வரலாறு, மகன் எழுதிய பக்கம், நன்றி நவிலல். கணவன் புலம்பலை நான் எடுத்துவிட்டேன். அவளோடு படிப்பித்த டீச்சர் ஒருவர், வாசலில் நின்று பக்கங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“ஒரு பிழை இல்லை. டீச்சர் பார்த்த மாதிரியே இருக்கு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்கள் அவவுக்கெண்டு ஒண்டும் எழுதேல்லையே?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.